விண்ணில் ஓர் உரைகல்

பொன்னின் மாற்றை அறிவதற்கு உரைகல் உண்டு. நெல்லின் அளவை அறிவதற்கு மரக்கால் உண்டு. சுவர் நேராக எழுகின்றதா என்று பார்ப்பதற்குக் கொத்தனார் கையில் தூக்குக்குண்டு உண்டு. ஒவ்வொரு தொழிலும் தனக்கு வேண்டிய சோதனையைத் தானே தேடிக்கொண்டிருக்கின்றது. ஆனால், சோதிக்கும் கருவியே பழுதுற்றிருந்தால் என் செய்வது? கண்ணாடியில் அழுக்குப் படிந்திருக்க, முகத்தைத் திரும்பத் திரும்பக் கழுவுகின்றவன் நிலைதான் நமக்கும் வாய்க்கும். அத்தகைய பிழை ஒன்றை அறுபதைக் கடந்த வயதில் நான் செய்தேன். அப்பிழையை எனக்கு எடுத்துக்காட்டியவை வானத்து விண்மீன்கள். அவ்வரலாற்றை மாணவர்களாகிய உங்களுக்குக் கூறுவது நலம் என்று கருதுகின்றேன்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். இளமையில் என் ஆசிரியர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து இலக்கணமும் இலக்கியமும் பாடம் கேட்டேன். ஏடு படிக்கும் பயிற்சியும் அங்கேயே பெற்றேன். ஓய்வு பெற்ற பின்னர் அப்பயிற்சியே எனக்குத் துணையாயிற்று. சிற்றூர்களில் பழங்குடும்பத்தார் சிலர் தம் முன்னோர் எழுதிவைத்த சுவடிகளைப் பரணிலும் பெட்டியிலும் காத்து வருகின்றனர். செல்லும் பூச்சியும் அவற்றை அரித்துத் தின்றுவிடுமுன் அவற்றை ஒளிப்படம் எடுத்து, படியெழுதி வைக்க வேண்டும் என்னும் ஆசை எனக்கு எழுந்தது.

ஓலைச் சுவடியைப் படிப்பது எளிதன்று. பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஒகரங்களில் குறிலும் நெடிலும் வேறுபாடின்றி இருக்கும். காலும் ரகரமும் ஒன்றுபோலவே தோன்றும். இடம் நோக்கியே பொருள் கொள்ளுதல் வேண்டும். எண்களோ இன்னும் இடர் தருவன. தமிழில் நான்கைக் குறிக்கும் ௪ என்பது சகரம் போன்றது. ஆறைக் குறிக்கும் ௬ என்பது சு போன்றது. இரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாடு எழுத்தாணியின் சிறு சுழிப்பே. சொல்லில் ஓரெழுத்து மங்கினால் முன்னும் பின்னும் பார்த்து ஊகிக்கலாம். எண் மங்கினால் ஊகத்திற்கு இடம் ஏது? ஆகவே, ஓலையின் ஒவ்வொரு கீறலும் தெளிவாக விழும் படமே எனக்கு வேண்டியதாயிற்று.

அதன்பொருட்டு ஓர் ஒளிப்படக் கருவியும், அதில் பொருத்துவதற்கு 100 மில்லிமீட்டர் குவியத் தொலைவுள்ள 'மேக்ரோ' வில்லை ஒன்றும் வாங்கினேன். மேக்ரோ வில்லை என்பது அண்மைப் பொருளைக் காட்டுவதற்கென்றே அமைந்தது. ஓர் எறும்பை அதன் உண்மை அளவிலேயே கருவியின் உட்புறத்து ஒளியுணரியில் பதிக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. அதனினும் சிறந்த பண்பு ஒன்றும் அதற்கு உண்டு. தட்டையான தாளையோ ஏட்டையோ படம் எடுத்தால், நடுவும் ஓரமும் ஒப்பத் தெளிவாக விழும். முன்பே ஒருவரிடம் இருந்து பயன்பட்ட வில்லைதான் அது. புதியது வாங்கும் அளவுக்கு ஓய்வூதியம் இடம் தரவில்லை. வெளித்தோற்றத்தில் ஒரு கீறலும் இல்லை. அதனால் உள்ளும் குற்றமில்லை என்று நம்பினேன். அந்நம்பிக்கையே என் முதற்பிழை.

2022 ஆம் ஆண்டு ஐப்பசித் திங்களில் மருத்துவச் சுவடி ஒன்று எனக்குக் கிட்டியது. ஊர் மருத்துவர் ஒருவரின் வழித்தோன்றல்கள் அதனைக் குலதனமாகப் போற்றி வந்தனர். இரண்டு நாள் மட்டும் பார்க்க இசைந்தனர். எனக்குத் துணையாக வந்தவர் என்னிடம் முன்னாளில் பயின்ற இளைஞர். ஏடு படிப்பதில் நல்ல பயிற்சி உடையவர். அவர் ஏடுகளை இரண்டிரண்டாக, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, மேலே கண்ணாடிப் பலகை வைத்து அழுத்தினார். மேலே நிறுத்தியிருந்த கருவியால் ஒவ்வோர் ஏட்டையும் நான்கு பகுதிகளாகப் படம் எடுத்தோம். ஏட்டுக்குக் கேடு வருமென்று அஞ்சி, மங்கிய விளக்கே வைத்திருந்தமையால், வில்லையை முழுத் திறப்பில் வைத்துக்கொண்டோம். இடையிடையே அவர் மருந்தின் அளவுகளை ஏட்டைப் பார்த்தே ஒரு குறிப்பேட்டில் எழுதியும் வந்தார். இரண்டாம் நாள் மாலை சுவடியை உரியவரிடம் சேர்ப்பித்துவிட்டு மீண்டோம்.

வீட்டுக்கு வந்து படங்களைக் கணிப்பொறியில் விரித்துப் பார்த்தபோது என் உள்ளம் துணுக்குற்றது. ஒவ்வொரு படத்திலும் கீழ் ஏட்டின் இடப்பக்கத்து எழுத்துகள் மங்கியிருந்தன. மற்றவை பளிச்சென்று இருக்க, அம்மூலை மட்டும் நீர் பட்ட மை போலக் கலங்கியிருந்தது. ஓரிடத்தில் திப்பிலியின் அளவு வந்தது. எனக்கு அது ௪ பலம் என்று தோன்றியது. இளைஞரின் குறிப்பேட்டிலோ ௬ பலம் என்று இருந்தது.

நண்பர்கள் மூவர் சூழ இருந்த நேரம் அது. "தம்பி, ஏட்டின் முனையைச் சமமாக அழுத்தி வைக்கவும் உனக்குத் தெரியவில்லை, எண்ணைப் பார்த்து எழுதவும் தெரியவில்லை. இத்தனை ஆண்டு என்ன கற்றாய்?" என்று கடிந்தேன். "ஐயா, ஏட்டைச் சமமாகவே வைத்தேன், எண்ணையும் ஏட்டில் பார்த்தே எழுதினேன்" என்றார் அவர். "படம் கண்முன் இருக்கின்றது. ஆசிரியனோடு வழக்காட வேண்டாம்" என்று சொல்லி வாயடைத்தேன். அவர் மறுமொழி கூறவில்லை. கைகூப்பி விடைபெற்றுச் சென்றார். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. என் படியில் ௪ என்றே எழுதி, அவர் கண்ட ௬ என்பதை அடித்துவிட்டேன்.

மாதங்கள் சில சென்றன. தைப் பொங்கலுக்கு என் பேர்த்தி வந்தாள். கல்லூரியில் இயற்பியல் பயில்பவள். நான் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவள், "தாத்தா, எல்லாப் படத்திலும் ஒரே மூலை மங்கியிருக்கின்றதே, கவனித்தீர்களா?" என்று கேட்டாள்.

"ஏட்டைச் சரியாக வைக்கவில்லை, அம்மா" என்றேன்.

"ஓர் ஏட்டில் அப்படி நேரலாம். நூறு ஏட்டிலும் அதே மூலையில் நேருமா? கருவி சாய்ந்து நின்றிருக்கலாம். அல்லது வில்லையிலேயே குறை இருக்கலாம்."

"அதை எப்படி அறிவது?"

"விண்மீனைக் கேட்கலாம்" என்றாள் அவள்.

நான் நகைத்தேன். "எறும்பின் காலைக் காட்டும் வில்லை இது. இதனைக் கொண்டு எட்டாத வானத்தையா பார்க்கப் போகிறாய்? பூக்கட்டும் நாரினால் தேரிழுக்க முடியுமா?" என்றேன். அவள் நகைக்கவில்லை, அமைதியாக விளக்கினாள்.

"தாத்தா, அண்மையில் உள்ள பொருளை இவ்வளவு நெருங்கி எடுக்கும்போது, சில மில்லிமீட்டர் உயரமுள்ள பகுதியே தெளிவாக விழும். ஏட்டின் முனை சற்று மேலெழுந்தாலும் மங்கும்; கருவி சற்றுச் சாய்ந்தாலும் மங்கும்; வில்லையில் குறை இருந்தாலும் மங்கும். மூன்றும் ஒரே வகையாகத் தோன்றும். ஆகவே ஏட்டை வைத்து உண்மையைப் பிரித்தறிய முடியாது. விண்மீன்களோ அளவிட முடியாத தொலைவில் உள்ளன. ஞாயிற்றை விட்டால் நமக்கு மிக அண்மையில் உள்ள விண்மீனிலிருந்து ஒளி வந்து சேரவே நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றது. அத்தொலைவில் மேடு ஏது, பள்ளம் ஏது? கருவியை எப்படிச் சாய்த்தாலும் எல்லா விண்மீனும் வில்லைக்கு ஒரே நிலையில்தான் நிற்கும். அங்கும் ஒரு மூலை மங்குமானால், பழியை ஏட்டின்மேலோ ஏட்டை வைத்தவர்மேலோ சுமத்த முடியாது."

இறுதியாக அவள் கூறிய சொல் என் நெஞ்சில் முள்ளெனத் தைத்தது. ஆயினும் வெளிக்காட்டாமல், "விண்மீன் சிறு புள்ளிதானே? அதில் என்ன தெரியும்?" என்றேன்.

"புள்ளியாக இருப்பதுதான் அதன் பெருமை. ஒரு முகத்தைப் படம் எடுத்தால் சிறு குறைகள் அதன் நிறத்திலும் நிழலிலும் மறைந்துவிடும். விண்மீன் கருவானத்தில் ஒரே ஓர் ஒளிப்புள்ளி. நல்ல வில்லை அதனைப் புள்ளியாகவே காட்டும். குறையுள்ள வில்லை அதற்கு வாலை வைக்கும், சிறகை ஒட்டும், நிறத்தைப் பூசும். குறை ஒளிந்துகொள்ள அங்கே இடமில்லை" என்றாள்.

2023 ஆம் ஆண்டு ஜனவரி 21 தை அமாவாசை. நிலவொளியின் இடையூறு இல்லாத இரவு. ஆலங்காயத்தை அடுத்து, சவ்வாது மலையின் அடிவாரத்தில் எங்கள் உறவினர் ஒருவருக்குத் தோட்டம் இருக்கின்றது. அங்கே சென்றோம். அம்மலைமேல் காவலூரில்தான் புகழ்பெற்ற வானாய்வுக்கூடம் உள்ளது. வானியல் அறிஞர் வைணு பாப்பு அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் அது. அவர் 1982 இல் மறைந்தார். அவர் பெயரைத் தாங்கிய 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி 1986 இல் அங்கே நாட்டுக்கு உரிமையாக்கப்பட்டது. வட வானத்தையும் தென் வானத்தின் பெரும்பகுதியையும் ஒருங்கே காணத்தக்க இடம் அது. அம்மலையின் காலடியில் ஒரு சிறு வில்லையை வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் அமர்ந்திருந்தது எனக்கே வேடிக்கையாகத் தோன்றியது.

பொழுது சாய்ந்தது. மேற்கு அடிவானத்தின்மேல் வெள்ளியும் சனியும் ஒன்றையொன்று நெருங்கி நின்றன. அவை மறைந்ததும் இருள் திரண்டது. எட்டு மணி அளவில் கார்த்திகைக் கூட்டம் ஏறத்தாழ உச்சிக்கு வந்தது. அதற்குக் கிழக்கே செவ்வாய் செம்மணிபோல் ஒளிர்ந்தது. பேர்த்தி முக்காலியை நிறுத்திக் கருவியை மேல்நோக்கித் திருப்பினாள். நான் பாயை விரித்து மல்லாந்து படுத்தேன்.

முதல் வேலையே கடினமாக இருந்தது. வில்லையின் வளையத்தைக் கடைசிவரை திருப்பிவிட்டால் தொலைவுப் பொருள் தெளிவாகும் என்று எண்ணியிருந்தேன். அது தவறு என்றாள் அவள். வளையம் கடைசி எல்லையைத் தாண்டியும் சற்றுச் சுழலும். அங்கே விண்மீன் மீண்டும் மங்கிவிடும். மேக்ரோ வில்லைக்கு இதில் தனி இடர் ஒன்று உண்டு. அதன் வளையத்தின் பெரும்பகுதி அண்மைப் பொருளுக்கே ஒதுக்கப்பட்டது. சில முழத் தொலைவிலிருந்து வானம் வரை உள்ளதெல்லாம் வளையத்தின் கடைசிச் சிறு பகுதியில் அடங்கிவிடும். அங்கே நெல்லளவு திருப்பினாலும் புள்ளி பொரியாக மலர்ந்துவிடுகின்றது. அவள் கருவியின் திரையில் ஒரு விண்மீனைப் பத்து மடங்கு பெருக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு, வளையத்தை இப்பக்கமும் அப்பக்கமும் மெல்ல நகர்த்தினாள். புள்ளி மிகச் சிறிதாகத் தோன்றிய இடத்தில் நிறுத்தி, வளையம் அசையாதபடி ஒட்டுத்தாளால் ஒட்டினாள். இரவுக் குளிரில் வில்லை சுருங்கினால் அவ்விடமும் மாறும் என்று கூறி, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் சரிபார்த்தாள்.

அடுத்த இடர் பூமியால் வந்தது. பூமி 23 மணி 56 நிமிடங்களில் தன்னைத்தானே ஒருமுறை சுற்றுகின்றதன்றோ? நாம் அசையாமல் இருப்பதாக எண்ணினும் வானம் நகர்ந்துகொண்டே இருக்கின்றது. ஐந்து நொடி திறந்து எடுத்த முதற்படத்தில் ஒவ்வொரு விண்மீனும் சிறு கோடாக நீண்டிருந்தது. "வில்லையில் குறை!" என்று கூவினேன். "இல்லை, தாத்தா. எல்லா விண்மீனும் ஒரே நீளம், ஒரே திசை. இது பூமி இழுத்த கோடு. கை அசைந்தாலும் இப்படித்தான் படம் முழுதும் ஒரே வகையாக இழுபடும். ஒரு மூலைமட்டும் கெடாது" என்றாள். பின்னர் இரண்டு நொடி மட்டும் திறந்து எடுத்தாள். கோடுகள் ஒடுங்கிப் புள்ளிகளாயின.

கார்த்திகையை முதலில் படத்தின் நடுவில் வைத்து எடுத்தாள். அந்தக் காட்சியை என்னென்பேன்! அறுமீன் என்று இலக்கியத்தில் படித்தவன் நான். ஆறு என்று மாணவர்க்குச் சொல்லியும் கொடுத்தவன். திரையில் எண்ணத் தொடங்கினேன். ஆறு கடந்தது, பத்து கடந்தது. முப்பதைத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். ஒவ்வொன்றும் ஊசிமுனையால் குத்தியது போன்ற நுண்புள்ளி. ஏறத்தாழ 440 ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்து புறப்பட்ட ஒளி அன்றிரவு வந்து அவ்வில்லையிற் புகுந்தது. நாரினால் தேரிழுக்க முடியுமா என்று நகைத்தவன் நாணினேன்.

அதன்பின் சோதனை தொடங்கியது. கருவியைச் சற்றே திருப்பி, அதே கூட்டத்தைப் படத்தின் நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு முறை வைத்து எடுத்தாள். வலப்புற மேல்மூலையில் விண்மீன்களுக்கு மிகச் சிறிய சிறகு முளைத்திருந்தது, பெரிய குறையன்று. வலப்புறக் கீழ்மூலையும் இடப்புற மேல்மூலையும் அவ்வாறே இருந்தன. இறுதியாக இடப்புறக் கீழ்மூலை. அங்கே கார்த்திகை இல்லை; வால்மீன் கூட்டம் ஒன்று இருந்தது! ஒவ்வொரு புள்ளியும் ஒரு பக்கம் இழுபட்டு, விசிறிபோல் விரிந்து, அடுத்த புள்ளியோடு கலந்திருந்தது.

அவள் அவ்வளவில் முடிவு கூறிவிடவில்லை. அம்மூலைக்கு ஏற்ப வளையத்தைத் திருத்தி எடுத்தாள்; அம்மூலை ஒருவாறு தெளிந்தது; உடனே எதிர்மூலை மங்கியது. பின்னர் வேறொரு சாதாரண வில்லையை அதே கருவியில் பொருத்தி எடுத்தாள். நான்கு மூலையும் ஒன்றுபோலவே இருந்தன. ஆகவே கருவியின் உடலில் குற்றமில்லை. மீண்டும் மேக்ரோ வில்லையைப் பொருத்தி, திறப்பைப் படிப்படியாகச் சுருக்கினாள். எஃப் 2.8 இல் நீண்டிருந்த வால்கள் எஃப் 4 இல் குறைந்தன, எஃப் 5.6 இல் பெரிதும் அடங்கின; எனினும் முற்றும் மறையவில்லை. திறப்பைச் சுருக்கும் ஒன்பது இதழ்களின் விளிம்பில் ஒளி சிதறியதால், செவ்வாயைச் சுற்றிப் பதினெட்டுக் கதிர்கள் மட்டும் புதியனவாகத் தோன்றின.

"வில்லைக்குள் பல கண்ணாடிகள் ஒரே அச்சில் நிற்க வேண்டும். எப்போதோ கீழே விழுந்ததால் ஒன்று சற்றே சாய்ந்திருக்கலாம். காரணம் எதுவாயினும் குறை வில்லையில்தான் இருக்கின்றது, தாத்தா" என்று அவள் முடித்தாள்.

நான் ஒன்றும் பேசவில்லை. கைகூப்பி விடைபெற்ற இளைஞரின் முகம் என் கண்முன் வந்து நின்றது. என் அமைதியைக் கண்டு, களைப்பு என்று கருதிய அவள், ஒரு செய்தி சொல்லத் தொடங்கினாள்.

1990 ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ஹப்பிள் என்னும் தொலைநோக்கி விண்ணில் ஏற்றப்பட்டதாம். 2.4 மீட்டர் விட்டமுள்ள அதன் ஆடியைப் போல நுட்பமாகத் தேய்த்த ஆடி வேறில்லை என்று அறிஞர்கள் நம்பியிருந்தனர். ஆனால் விண்மீனை நோக்கியபோது, அதன் ஒளி ஒரு புள்ளியிற் குவியாமல் பரந்து நின்றது. ஆராய்ந்து பார்த்தனர். ஆடியின் விளிம்பு, மயிரிழையின் ஐம்பதில் ஒரு பங்கு அளவு, வேண்டியதற்கு மேல் தேய்ந்திருந்தது. ஏன்? ஆடியைச் சோதித்த கருவியிலேயே ஓர் உறுப்பு 1.3 மில்லிமீட்டர் இடம் மாறிப் பொருத்தப்பட்டிருந்தது. தேய்ப்பு பிழையின்றி நடந்தது; அளவுகோலே பிழை! வேறு இரண்டு சோதனைகள் குறையை முன்பே காட்டின. முதற்கருவியின்மீது வைத்த நம்பிக்கையால் அவற்றை ஒதுக்கிவிட்டனர். 1993 ஆம் ஆண்டு டிசம்பரில் விண்வெளி வீரர்கள் சென்று, குறையைச் சரிசெய்யும் ஒளிக்கருவிகளைப் பொருத்திய பின்னரே தொலைநோக்கி தெளிவு பெற்றது.

கதையாக அவள் சொன்னாள். தீர்ப்பாக நான் கேட்டேன். இளைஞரின் குறிப்பேடு எனக்கு மற்றொரு சோதனையாக முன்னே இருந்தது. அதனை நான் அடித்துவிட்டேன். என் கருவியின்மீது எனக்கிருந்த நம்பிக்கை, என் மாணவரின் கண்மீது இல்லாமற் போயிற்று. கருவியின் பிழையாவது அறியாமல் வந்தது. பலர் நடுவே ஒருவரைப் பழித்த பிழை என் நாவிலிருந்தன்றோ வந்தது?

பத்தரை மணிக்குத் தென்திசையில் அகத்திய மீன் உச்சிக்கு வந்தது. தென்னந்தோப்புக்கு மேலே அது வெண்மையாகச் சுடர்ந்தது. அதனையும் ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பினோம். வழிமுழுதும் நான் தூங்கவில்லை.

மறுநாள் காலையில் அவள் இன்னொரு சோதனையும் செய்து காட்டினாள். பஞ்சாங்கத்தின் ஒரு தாளைச் சுவரில் ஒட்டிப் படம் எடுத்தாள். பிறகு தாளைத் தலைகீழாக ஒட்டி மீண்டும் எடுத்தாள். தாளில் குறை இருந்தால், தாள் திரும்பும்போது மங்கலும் உடன் திரும்ப வேண்டும். திரும்பவில்லை. இரண்டு முறையும் இடப்புறக் கீழ்மூலையே மங்கியது. ஐயத்திற்கு இம்மியும் இடமில்லை.

அன்று மாலையே இளைஞர் வீட்டுக்குச் சென்றேன். வாயிலில் என்னைக் கண்டதும், "ஐயா, சொல்லி அனுப்பியிருந்தால் நானே வந்திருப்பேனே!" என்று பதறி எழுந்தார். "தம்பி, குற்றம் செய்தவன்தான் நடந்து வர வேண்டும்" என்று கூறி, விண்மீன் படங்களை அவர்முன் வைத்தேன். நிகழ்ந்தவை அனைத்தையும் சொன்னேன். அவர் நெடுநேரம் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் ஏட்டைச் சமமாகவே வைத்தேன் என்று எனக்குத் தெரியும், ஐயா. ஆனால் தாங்கள் அவ்வளவு உறுதியாகச் சொன்னபோது, என் கையின்மேல் எனக்கே ஐயம் வந்துவிட்டது. அதனால்தான் வரவில்லை" என்றார்.

அச்சொல்லைக் கேட்டு என் கண் கலங்கியது. மங்கிய ஒரு மூலை, ஏட்டின் எழுத்தை மட்டும் கலக்கவில்லை. ஒரு நல்ல மாணவர் தம்மீது வைத்திருந்த நம்பிக்கையையும் கலக்கியிருந்தது.

அடுத்த வாரம் இருவரும் மருத்துவர் இல்லத்துக்குச் சென்று, சுவடியை மீண்டும் காண இசைவு பெற்றோம். திப்பிலி வரும் ஏட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். சிறு சுழிப்பு ஐயமின்றித் தெரிந்தது. ௬ பலமே சரி. அன்று என்னுடன் இருந்த நண்பர்கள் மூவரையும் வீட்டுக்கு அழைத்து, அவர்கள் முன்னிலையில் என் படியைத் திருத்தி, "இப்பாடம் கண்டவர் என் மாணவர்" என்று அதன் ஓரத்தில் எழுதினேன். பலர் அறியச் செய்த பழியைத் தனியிடத்தில் நீக்குவது முறையன்று.

அவ்வில்லையை நான் எறிந்துவிடவில்லை. அதன் குணமும் குற்றமும் இப்போது எனக்குத் தெரியும். திறப்பை எஃப் 8 அளவுக்குச் சுருக்கி, அதற்கேற்ப நேரத்தைக் கூட்டி, ஒரு படத்துக்கு ஓர் ஏட்டை மட்டும் நடுவில் வைத்து எடுக்கின்றோம். அடுத்தடுத்த படங்களின் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு பார்த்துக்கொள்கின்றோம். எழுத்துகள் முத்துப்போல் விழுகின்றன. குறையை அறிந்து பயன்படுத்தும் கருவி, குறையறியாமல் போற்றும் கருவியினும் சிறந்தது.

மாணவர்களே, நாம் ஒவ்வொருவரும் உலகத்தை ஏதோ ஒரு வில்லையின் வழியாகவே பார்க்கின்றோம். எங்கேனும் ஒரு மூலை மங்கித் தோன்றினால், எதிரே இருப்பவரைக் கடிந்துகொள்ளுமுன் நம் வில்லையை ஒருமுறை வானத்தை நோக்கித் திருப்பிப் பார்த்தல் நலம். என் வீட்டுக் கூடத்தில் அவ்விரவின் படம் ஒன்றை மாட்டியிருக்கின்றேன். காண வருவோர், "நடுவில் உள்ள கார்த்திகையை விட்டுவிட்டு, மங்கிய மூலைப் படத்தை ஏன் மாட்டினீர்கள்?" என்று கேட்கின்றனர். எனக்குப் பாடம் சொன்னது அந்த மூலைதான் என்று விடை கூறுகின்றேன்.